பாயசத்தில் காரம் தூக்கல்

வடிவின் நாக்கு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்து சேர்ந்தது. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளை டப்பா, அதைச் சுற்றி ஒரு குளிர்ப்பை. பறந்து வரும் கூரியர் அதைப் பால்கனியில் இறக்கிவைத்துவிட்டு, வாங்கிக்கொண்டவரின் முகத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வாங்கிக்கொண்டவர் ஆவுடையப்பன். வடிவின் கணவர். ஓய்வு பெற்ற நில அளவையர், வயது எழுபது, பாளையங்கோட்டையில் நாலாவது மாடியில் தனியாக இருக்கிறார்.

டப்பாவின் மேல் 'குளிரில் வைக்கவும்' என்று எழுதியிருந்தது. எங்கே வைப்பது என்பதில் அவருக்குப் பெரிய குழப்பம். ஃப்ரிட்ஜில் மோருக்கும் முந்தாநாள் ரசத்துக்கும் நடுவில்தான் இடம் இருந்தது. கட்டின பெண்டாட்டியின் நாக்கைப் பழைய ரசத்துக்குப் பக்கத்தில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பூஜை அறையில் வைத்தால் மரியாதையாக இருக்கும், ஆனால் பாளையங்கோட்டை வெயில் மரியாதை பார்க்காது. கடைசியில் ரசத்தைக் கொட்டிவிட்டு அந்தத் தட்டு முழுவதையும் வடிவுக்கே ஒதுக்கிவிட்டு, மகளைப் போனில் கூப்பிட்டார்.

"ஏட்டி பொருநை, உங்க அம்மா வந்துட்டா."

"பத்திரமா வச்சிருங்கப்பா. ஞாயித்துக்கிழம நாங்க வந்துதான் திறக்கணும். நீங்க பாட்டுக்கு எடுத்து ஒட்டிப் பாத்துராதீங்க."

"நான் எதுக்குத் தொடப்போறேன்" என்றார் ஆவுடையப்பன். ஆசையை அடக்கிக்கொண்டு சொன்ன பேச்சு இல்லை அது. அந்த டப்பாவைப் பார்த்தாலே அவருக்குப் பயமாக இருந்தது.

இந்த யோசனை பொருநையுடையது. அவள் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். எதையும் அளந்து பொட்டலம் கட்டினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும், அந்த விஷயத்தில் அப்பா பிள்ளை. வடிவின் முதல் வருஷத் திதி முடிந்த வாரம், அப்பாவை உட்கார வைத்துப் பேசினாள்.

"திதிக்கு சாஸ்திரம் இருக்கு, குறுக்குத்துறை ஆத்தங்கரை இருக்கு, ஐயர் இருக்காரு. அது பாட்டுக்கு நடக்கட்டும். அம்மா பொறந்த நாளுக்குன்னு நம்ம வீட்டுக்கு மட்டும் ஒரு வழக்கம் வைப்போம்ப்பா."

"என்ன வழக்கம்?"

"செத்தவங்களுக்குன்னு ஒரு எலை போடுதோம். படைக்கோம். கும்பிட்டுட்டு எடுத்துருதோம். அந்த எலையில யாருமே உக்காரதில்ல. நாம உக்காருவோம். வருஷத்துக்கு ஒருத்தர், அம்மா நாக்க ஒட்டிக்கிட்டு."

"நாக்கயா?"

"அம்மாவுக்குச் சர்க்கரைக்காகக் காவல் பல் வச்சாங்கள்லா, பின்னால, கடவாயில? அது என்ன பண்ணும்னு நினைக்கீங்க?"

"திருட்டுத்தனமா லட்டு தின்னா டாக்டருக்குச் சொல்லிக்கொடுக்கும்" என்றார் ஆவுடையப்பன்.

"அது மட்டும் இல்ல. நாக்கும் மூக்கும் மூளைக்கு என்னென்ன சொல்லுதோ அவ்வளவையும் எழுதிக்கிட்டே இருக்கும். இப்ப அத வச்சு ஒரு ஒட்டு பண்ணித் தாராங்க. அப்பளத்த விட மெல்லிசு. மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டா அரை மணி நேரம் நம்ம நாக்க ஓரமா உக்கார வச்சிட்டு, அவங்க நாக்கு பேசும். நீங்க வச்ச சொதி அம்மாவுக்கு எப்படி ருசிச்சுதோ, அப்படியே நமக்கும் ருசிக்கும்."

ஆவுடையப்பனின் அளவையர் புத்தி எட்டிப் பார்த்தது. "எந்த வருஷத்து நாக்கு?"

"கடைசிப் பத்து வருஷத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கேன். நீங்க சமைச்சு அவங்க சாப்பிட்ட வருஷம்." பொருநை இதை அப்பாவுக்குச் செய்யும் பெரிய மரியாதையாக நினைத்துச் சொன்னாள். அவரும் அப்படியே எடுத்துக்கொண்ட மாதிரி தலையை ஆட்டிவைத்தார்.

அவருடைய பயத்துக்குக் காரணம் உண்டு. வடிவு லேசுப்பட்ட சமையல்காரி இல்லை. சொந்தத்தில் கல்யாணம் என்றால் மறுவீட்டு விருந்தின் தேங்காய்ப்பால் சொதிக்கு அவளைக் கேட்டுத்தான் நாள் குறிப்பார்கள். ஆவுடையப்பனோ வேலையில் இருந்தவரை அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் அணையும் என்றுகூடத் தெரியாமல் வாழ்ந்தவர். அவர் ஓய்வு பெற்ற மாதம் வடிவுக்குப் பத்து நாள் கடும் காய்ச்சல். எழுந்து நடமாடத் தொடங்கிய அன்றே கரண்டியை அவர் கையில் கொடுத்துவிட்டாள். "எனக்கு அடுப்படி அலுத்துப்போச்சு. இனிமே நீங்க" என்றாள். ஏன், எதற்கு என்று கேட்டதற்கெல்லாம் அதே பதில்தான்.

முதல் மூன்று மாதம் அந்த வீட்டில் நடந்த கொடுமைகளை இங்கே எழுத வேண்டாம். ஆனால் மனிதர் பிடிவாதக்காரர். தாலுகா ஆபீசிலிருந்து கொண்டுவந்த நீள அளவுப் புத்தகம் ஒன்று மிச்சமிருந்தது. நிலத்தை அளந்து எழுதிய அதே பழக்கத்தில், ஒவ்வொரு நாளும் என்ன செய்தார், வடிவு என்ன சொன்னாள் என்று அதில் எழுதினார். 'சொதி: எலுமிச்சை அரை மூடி கூடுதல் - வடிவு.' 'அவியல்: தயிர் இன்னும் ஒரு கரண்டி தாங்கும் - வடிவு.' அவள் சொன்னபடி மறுநாள் திருத்துவார். ஒரு வருஷத்தில் நல்ல சமையல்காரர் ஆனார், மூன்றாம் வருஷம் அக்கம்பக்கத்தார் கிண்ணத்தோடு வரத் தொடங்கினார்கள். வடிவு சாப்பிட்டுவிட்டு, "நல்லாருக்கு" என்று சொல்லும் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் காலையில் எழுந்தார் என்றால் அது மிகை இல்லை.

சாப்பாட்டில் வடிவு இரண்டு கட்டளை வைத்திருந்தாள். டிவி ஓடக் கூடாது. எதிரும் புதிருமாகத்தான் உட்கார வேண்டும். அதுபோக, அவர் முதல் வாய் வைக்காமல் அவள் சோற்றைத் தொட மாட்டாள். பதிவிரதை என்று ஆவுடையப்பன் நடைப்பயிற்சி நண்பர்களிடம் பெருமை அடித்துக்கொண்டதும் உண்டு.

அவள் ஒரே ஒரு முறைதான் தப்பாகச் சொல்லியிருக்கிறாள். அது குடும்பத்தில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை. சேமியா பாயசத்தை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தபோது, "இன்னைக்குக் காரம் கொஞ்சம் தூக்கல்" என்றாள். "பாயசத்துலயாட்டி?" என்று இவர் கேட்க, ஒரு விநாடி முழித்துவிட்டு, "ஆமா, சுக்கு கூடிப்போச்சு" என்றாள். சேமியா பாயசத்துக்கு யார் சுக்கு போடுவார்கள்?

அவள் போன பிறகு அந்தப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஏறவில்லை. சமைக்கிறார். சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சுவர் சொல்வதில்லை.

இப்போது டப்பாவுக்குள் இருக்கும் அந்த நாக்கு சொல்லப்போகிறது. அதுவும் எல்லோர் முன்னாலும். வாய் பொய் சொல்லும், நாக்கு பொய் சொல்லாது. "நல்லாருக்கு" என்று அவள் சொன்னதெல்லாம் நிஜமா, இல்லை கிழவன் பாவம் என்று சொன்னதா? அந்த ஒரு கேள்விதான் அவரைப் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் தூங்கவிடவில்லை.

போதாக்குறைக்கு வடிவின் தங்கை செண்பகம் சனிக்கிழமை போன் செய்தாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். தென்காசியில் இருந்துகொண்டு பாளையங்கோட்டை வரைக்கும் பேசக்கூடியவள்.

"அத்தான், நாளைக்கு வேஷம் கலையப்போகுது. எங்க அக்கா உங்க மனசு நோகக் கூடாதுன்னு பதினோரு வருஷம் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டா. அந்த எலையில மொதல்ல நான்தான் உக்காருவேன். உள்ளது உள்ளபடி சொல்லிருவேன்."

"உன் எலுமிச்ச ஊறுகாயயுந்தான் அவ நல்லாருக்குன்னு சொன்னா. அதுக்கு என்ன சொல்லுத?"

"அது நிசம்" என்றாள் செண்பகம்.

ஞாயிறு காலை. ஆவுடையப்பன் தேங்காய் திருகி மூன்று பால் எடுத்து வைத்தார். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பீன்ஸ் எல்லாம் அளந்து எடுத்து வைத்தார். எட்டு மணிக்கு மகளும் மருமகனும் வந்தார்கள். மருமகன் ஃபெலிக்ஸ் லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், சாப்பாட்டில் ஆர்வமுள்ளவன். பொருநை டப்பாவை ஆராயப் போனதும் மாமனார் அவனை அடுப்படிக்குள் இழுத்தார்.

"ஃபெலிக்ஸு, செண்பகம் வரதுக்குள்ள நீ அந்த எலையில உக்காந்துரு. எப்படி இருந்தாலும் பிரமாதம்னு ஒரு வார்த்தை சொல்லிரு. உருளைக்கிழங்கு சிப்ஸ் உனக்குத் தனியா ஒரு டப்பா போட்டு வச்சிருக்கேன்."

ஃபெலிக்ஸ் சிப்ஸ் டப்பாவை ஒருமுறை பார்த்தான். "மாமா, எனக்குப் பொய் சொல்ல வராது. போன மாசம் பொருநை முடி வெட்டிட்டு வந்து எப்படி இருக்குன்னு கேட்டா. நான் வாயே திறக்கல. மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிட்டா. மூணு நாள் பேசல."

"அப்ப சிப்ஸ் கிடையாது."

"ஒரே ஒரு கை மட்டும் இப்ப எடுத்துக்கிடட்டா?"

பன்னிரண்டு மணிக்கு ஐந்து இலை போட்டார்கள். வடிவுக்குப் பிடித்த ஜன்னலோர இடத்தில் ஐந்தாவது இலை. செண்பகம் வந்ததும் வராததுமாகக் கைகால் கழுவிக்கொண்டு நேராகப் போய் அதில் உட்கார்ந்துவிட்டாள். பொருநை இடுக்கியால் ஒட்டை எடுத்துச் சித்தியின் மேலண்ணத்தில் வைத்தாள். ஒட்டில் ஒரு சின்னப் பச்சைப்புள்ளி எரிந்தது. இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று சொன்னாள். செண்பகம் இரண்டு நிமிடம் தொடர்ந்து பேசாமல் இருந்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

ஆவுடையப்பன் சோற்றின் மேல் சொதியை ஊற்றினார். செண்பகம் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். மென்றாள். இன்னொரு வாய் வைத்தாள். இஞ்சிப் பச்சடியை விரலால் வழித்து நக்கினாள். அவள் முகத்தில் நல்லதும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை.

"என்ன சித்தி?" என்றாள் பொருநை.

"ஒண்ணும் தெரியலயே. சூடா இருக்கு. வழுவழுன்னு இருக்கு. வேற ஒண்ணும் இல்ல. காகிதத்த மென்ன மாதிரி இருக்கு."

"ஒட்டு கோளாறா இருக்கும்" என்றான் ஃபெலிக்ஸ்.

பொருநை சித்தியின் வாயைத் திறக்கச் சொல்லி ஒட்டைப் பார்த்தாள். பச்சைப்புள்ளி எரிந்துகொண்டுதான் இருந்தது. போனை எடுத்து, பல் எழுதிவைத்த பதிவைத் திறந்தாள். ஊதா நிறத்தில் ஒரு கோடு மூக்குக்கு, ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு நாக்குக்கு. தொடக்கத்தில் இரண்டும் மலையும் மடுவுமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு தேதியில் பொத்தென்று விழுந்தன. அதற்குப் பிறகு கடைசி வரைக்கும் அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போயின.

"இந்தத் தேதி" என்றாள் பொருநை. அவள் குரல் இறங்கிவிட்டது. "அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த வாரம்ப்பா. அதுக்கப்புறம் நாக்கும் இல்ல, மூக்கும் இல்ல. அம்மாவுக்கு ருசியே தெரிஞ்சிருக்கல."

"டாக்டரு பாக்கலயா?" என்றாள் செண்பகம்.

"அவங்க சர்க்கரைய மட்டும்தான் பாப்பாங்க. நாக்குக் கோட்டப் பாக்க யாரு இருக்கா."

ஆவுடையப்பன் கையில் சொதிக் கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பதினோரு வருஷம். நாலாயிரம் மத்தியானம். வெண்டைக்காய்ப் பச்சடி, கூட்டாஞ்சோறு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சொதி. அவ்வளவையும் அவள் காகிதமாக மென்று விழுங்கியிருக்கிறாள். பிடிக்கவில்லை என்று நாக்கு சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவர் சமைத்தது அவளிடம் போய்ச் சேரவே இல்லை என்பதை அவரால் தாங்க முடியவில்லை. எழுந்து போய் அலமாரிக்கு மேலிருந்து அளவுப் புத்தகத்தை எடுத்தார். கிழித்துப்போடத்தான் எடுத்தார்.

"அப்ப இதெல்லாம் என்ன? எதுக்கு எழுதவச்சா?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பக்கத்தைத் திருப்பினார். "இந்தா. புளிக்குழம்பு, உப்பு கம்மின்னு சொல்லியிருக்கா. கூட்டு, சீரகம் கூடிப்போச்சுன்னு சொல்லியிருக்கா."

ஃபெலிக்ஸ் மெதுவாகக் கேட்டான். "மாமா, அத்தை சொன்னது சரியா இருக்குமா?"

"சரியாத்தான் இருக்கும். அவ சொன்னதும் நான் இன்னொருவாட்டி வாயில வச்சுப் பாப்பேன். அவ சொன்னா சொன்னதுதான்."

"ருசியே தெரியாதவங்க எப்படிச் சரியாச் சொன்னாங்க?"

புத்தகத்தைக் கிழிக்க வந்த கை நின்றது. ஆவுடையப்பன் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சில நாட்களில் இவர் ஏதாவது கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார், வடிவு வீட்டில் தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள். அந்த நாட்களிலெல்லாம் ஒரே சொல்தான்: 'நல்லாருந்துச்சு.' உப்பு இல்லை, புளி இல்லை, குறை ஒன்றும் இல்லை. இவர் எதிரில் உட்கார்ந்த நாட்களில் மட்டும்தான் அளந்து அளந்து சொல்லியிருக்கிறாள்.

அடுத்த பக்கத்தில் அந்தப் பாயசம் இருந்தது. 'சேமியா பாயசம்: சுக்குக் காரம் தூக்கல் - வடிவு (?). சுக்கு போடவில்லை.' அதற்குக் கீழே மறுநாள் தேதி போட்டு, 'பல் பிடுங்கியது. இரண்டு நாள் சமையல் இல்லை.'

இரண்டு வரியையும் மேலும் கீழுமாக நாலு தடவை படித்தார். அவர் கை தானாக இடது கன்னத்துக்குப் போனது.

"பொருநை" என்றார். "அன்னைக்கு எனக்குக் கடவாய்ப் பல்லுல வலி. அவகிட்ட சொல்லல. சொன்னா டாக்டர்ட்ட இழுத்துட்டுப் போவாளேன்னு மறச்சிட்டேன். பாயசம் சில்லுனு பல்லுல பட்டுச்சு. ஸ்ஸ்னு இழுத்தேன்."

"காரம் தின்ன மாதிரி" என்றாள் செண்பகம்.

"காரம் தின்ன மாதிரி. அவ கிண்ணத்தப் பாக்கல, என்னயப் பாத்துக்கிட்டு இருந்திருக்கா. அதான் காரம்னுட்டா. மறுநா காலையில காப்பி தரதுக்கு முந்தியே, பல்லு டாக்டருக்குச் சொல்லிட்டேன், கெளம்புங்கன்னா. ஒனக்கு எப்படித் தெரியும்னு நான் கேக்கவே இல்ல." புத்தகத்தை மூடிவைத்தார். "மொத வாய் நீங்க வைங்கன்னது, எதிர உக்காருங்கன்னது, டிவி வேண்டாம்னது, எல்லாம் அதுக்குத்தான். அவ என் மூஞ்சியப் பாத்துத்தான் சாப்பிட்டிருக்கா."

முதலில் சிரித்தவர் ஆவுடையப்பன்தான். அழுகையும் கூடவே வந்தது, ஆனால் சிரிப்புதான் பெரியதாக இருந்தது. ஊரெல்லாம் சொன்ன பதிவிரதைக் கதை ஞாபகம் வந்து இன்னும் சிரித்தார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா" என்று செண்பகம் மூக்கை உறிஞ்சினாள். "அடுப்படிய விட்டுட்டு மகாராணி மாதிரி உக்காந்திருக்கியேன்னு அவளை எத்தனை பேச்சு பேசியிருக்கேன்."

"உனக்குச் சொன்னா தென்காசிக்கே தெரிஞ்சிரும். எனக்குச் சொல்லியிருந்தா நான் அன்னைக்கே கரண்டியக் கீழ வச்சிருப்பேன். ருசி தெரியாதவளுக்கு எவன் மூணு பால் எடுத்துச் சொதி வைப்பான்? வேல போயி சும்மா உக்காந்திருந்தவன எழுப்பி நிக்க வச்சிட்டா."

செண்பகத்துக்குத் திடீரென்று வேறொன்று தோன்றியது. "அப்ப என் ஊறுகா? அத நல்லாருக்குன்னு சொன்னாளே."

அவள் எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஃபெலிக்ஸ் முகத்தில் வந்து நின்றாள். அவன் அவசரமாகத் தண்ணீர் குடித்தான்.

"பத்து வருஷமா பாட்டில் பாட்டிலாக் கொடுத்துவிட்டிருக்கேன், ஒருத்தராவது வாயத் திறந்தீங்களா?" என்று செண்பகம் கேட்டதும் பொருநைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

டப்பாவில் இன்னும் இரண்டு ஒட்டு இருந்தது. ஆவுடையப்பன் ஒன்றை வாங்கித் தானே ஒட்டிக்கொண்டு, செண்பகத்தின் ஒட்டைக் கழற்றச் சொல்லி அவளை எழுப்பிவிட்டு வடிவின் இலையில் உட்கார்ந்தார். ஒரு வாய் சொதி வைத்தார். அவர் கையால் வைத்த சொதி, ஒன்றுமே இல்லாமல் தொண்டைக்குள் இறங்கியது. இப்படித்தான் இருந்திருக்கிறது அவளுக்கு.

"இனி நீங்க சாப்பிடுங்க" என்றார். "யாரும் எதுவும் சொல்லக் கூடாது. நான் சொல்லுதேன்."

அவர்கள் சாப்பிட்டார்கள், அவர் பார்த்தார். சாப்பிடுகிற மனிதர்களின் முகத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. பொருநை மெல்லும்போது கண்ணை அரைவாசி மூடுகிறாள். செண்பகம் பிடித்ததைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறாள். ஃபெலிக்ஸின் இடது புருவம் நல்ல சோற்றுக்கு ஒரு மாதிரியும், சந்தேகச் சோற்றுக்கு வேறு மாதிரியும் ஏறுகிறது. பார்க்கப் பார்க்க அவருக்கு இவர்கள் மூன்று பேர் மீதும் ஆசையாக இருந்தது. பதினோரு வருஷம் ஒருத்தி தினமும் மத்தியானம் இந்த வேலையைத்தான் செய்திருக்கிறாள். அவர் சமைத்தது வீணாகப் போகவில்லை. கொஞ்சம் சுற்றிக்கொண்டு, அவர் முகத்தின் வழியாக அவளிடம் போயிருக்கிறது.

"பச்சடியில இஞ்சி தூக்கல்" என்றார்.

ஃபெலிக்ஸ் புருவத்தைக் கையால் மறைத்துக்கொண்டான். "கொஞ்சம் தூக்கல்தான் மாமா."

"சொதியில எலுமிச்ச பத்தல."

"அது சரியாத்தான் இருக்கு" என்றார்கள் மூன்று பேரும்.

"எனக்கு ஒரு மார்க்குதான். வடிவு எடுத்தது நாலாயிரம்" என்றார் ஆவுடையப்பன்.

அன்று சாயங்காலத்துக்குள் வழக்கம் எழுத்தில் ஏறிவிட்டது. அளவுப் புத்தகத்தின் புதுப் பக்கத்தில் பொருநை எழுதினாள்: வடிவு இலையில் வருஷத்துக்கு ஒருவர் உட்கார வேண்டும். ஒட்டை ஒட்டிக்கொண்டு, மற்றவர்கள் முகத்தைப் பார்த்து ருசி சொல்ல வேண்டும். டிவி கூடாது. அடியில் செண்பகம் ஒரு வரி சேர்த்தாள்: 'ஊறுகாய்க்கு மட்டும் உண்மையைச் சொல்லலாம்.' மூன்றாவது ஒட்டு அடுத்த வருஷம் ஃபெலிக்ஸுக்கு என்று முடிவானது.

அந்த ஒட்டு அடுத்த வருஷம் வரை தாங்கவில்லை. இத்தனை பெரிய காரியம் செய்த நாக்கை மோருக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று ஆவுடையப்பன் அதைப் பூஜை அறைக்கு மாற்றிவிட்டார். சித்திரை வெயிலில் அது டப்பாவோடு ஒட்டிக்கொண்டு வெல்லப்பாகாகிவிட்டது. பிறந்த நாளன்று திறந்து பார்த்த பொருநை தலையில் கை வைத்துக்கொண்டாள். புதிதாக எழுதிக் கேட்டால் ஒரு மாதம் ஆகும்.

"எதுக்கு?" என்றான் ஃபெலிக்ஸ். "அத்தை எலையில உக்காரவன், எல்லார் மூஞ்சியயும் படிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு பருக்கை வாயில வைக்கக் கூடாது. நாக்கு இல்லாதது மாதிரிதான்."

சாப்பாட்டில் ஆர்வமுள்ள ஒருவன் இப்படிச் சொன்னது பெரிய விஷயம். உடனே ஒத்துக்கொண்டார்கள். ஐந்து இலை விழுந்தது. அந்த வருஷம் ஆவுடையப்பன் சிப்ஸ் வறுக்கவில்லை, எண்ணெய் ஆகாது என்றார். உருளைக்கிழங்கைக் குழைய வேகவைத்திருந்தார். செண்பகம் புது ஊறுகாய் கொண்டுவந்திருந்தாள். அதற்கு மட்டும் எல்லோரும் உண்மையைச் சொல்லி, அவள் ஒரு வழியாக உப்பு அளவைக் குறித்துக்கொண்டாள்.

ஃபெலிக்ஸ் ஜன்னலோரத்து இலையில், சொதி மணக்கும் சோற்றுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். செண்பகத்தைப் பார்த்து, "பச்சடி ஏ ஒன்" என்றான். பொருநையைப் பார்த்து, "அவியல்ல முருங்கக்கா முத்தல்" என்றான். இரண்டும் சரி.

ஆவுடையப்பன் பாயசக் கிண்ணத்தை எடுத்தார். சேமியா பாயசம், வடிவு ஞாபகமாக ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தது. ஒரு வாய் குடித்தார். நல்லாயிருக்கிறது என்பதுபோல எல்லோரையும் பார்த்துத் தலையை ஆட்டினார்.

ஃபெலிக்ஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். இடது புருவம் மெதுவாக மேலே ஏறியது.

"மாமா, பாயசத்துல காரம் தூக்கல்."

செண்பகம் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டாள். ஆவுடையப்பன் கிண்ணத்தைக் கீழே வைத்தார். ஒரு மாதமாக அவர் வலது பக்கத்தை விட்டுவிட்டு இடது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. சுவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

பொருநை இலையை விட்டு எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எந்தப் பல்லுப்பா?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்து காட்டினார்.